அப்பா தமிழ் வாசிக்க மின்னூல் கருவியா, டேப்லெட்டா?

செந்தூல் செல்வன்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் இருக்கும் அப்பாவுக்கு வாசிக்க ஒரு கருவி வாங்கலாம் என்றிருக்கிறேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து பார்வை நன்றாகவே இருக்கிறது. ஆனால் அச்சுப் புத்தகத்தின் பொடி எழுத்து ஒத்துவரவில்லை. கைப்பேசியில் கொஞ்ச நேரம் படித்தாலே கண் எரிகிறது என்கிறார். நாளெல்லாம் வாசித்துப் பழகிய மனுஷர், இப்போது பேப்பரைக் கூட மடித்து வைத்துவிடுகிறார். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. தங்கை அமேசானின் மின்னூல் கருவியான கிண்டில் வாங்கு என்கிறாள். அந்தக் காசுக்கு டேப்லெட்டே வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகுமே என்பது என் எண்ணம். ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) வரை செலவழிக்கலாம். எதை வாங்குவது?

கயல் (பிரிக்பீல்ட்ஸ்)

தங்கை சொல்வதைக் கேளுங்கள் அண்ணே. கைப்பேசியில் கண் எரிகிற ஒருவருக்கு அதே வகைத் திரையை இன்னும் பெரிதாக வாங்கிக் கொடுப்பதில் என்ன பயன்?

கிண்டிலில் இருக்கிற மின்மைத் திரை (இ-இங்க், அதாவது மின்னணு மை) வேலை செய்யும் விதமே வேறு. முடி பருமனுக்கு நுண்ணிய குமிழ்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. மின்னழுத்தம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். பக்கம் ஒருமுறை அமைந்துவிட்டால் அது அப்படியே நிற்க மின்சாரம் வேண்டாம். அதனால்தான் ஒரு முறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் ஓடுகிறது. அறையில் இருக்கிற வெளிச்சம் தாளில் பட்டு வருவது போலவே கண்ணுக்கு வரும். இரவுக்கு உள்விளக்கு உண்டு. அதுவும் ஓரத்திலிருந்து பக்கத்தின் மேல்தான் பரவுகிறது, கண்ணுக்கு நேராக அடிப்பதில்லை.

எடையையும் பாருங்கள். 2024-இல் வந்த 7 அங்குல கிண்டில் பேப்பர்ஒயிட் 211 கிராம். 11 அங்குல ஐபேட் 477 கிராம். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கையில் பிடித்துப் படிக்கிறவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. தினமும் எல்.ஆர்.டி. ரயிலில் நின்றுகொண்டே ஒரு கையால் படித்துக்கொண்டு போகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அமேசானில் 2016 டிசம்பர் முதல் தமிழ் மின்னூல்கள் கிடைக்கின்றன. எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், வரி தானாக மடிந்துகொள்ளும்.

பாயான் லெப்பாஸ் ரவி

கயல் சொன்ன தொழில்நுட்பம் எல்லாம் சரி. நான் பார்ப்பதும் மின்னணு வேலைதான், அதில் குறை சொல்ல மாட்டேன். முடிவில்தான் உடன்பாடில்லை.

எழுத்தைப் பெரிதாக்கலாம், வரி மடியும் என்பதெல்லாம் கோப்பு எழுத்தாக இருந்தால் மட்டும். அப்பா வாசிக்கிறது என்ன? ஆங்கில வாசகருக்கு இந்தக் கேள்வியே எழாது, கடையில் எல்லாம் மின்னூலாகக் கிடைக்கும். நமக்கு நிலைமை வேறு. பழைய தமிழ் நூல்களில் பெரும்பகுதி இன்று எங்கே இருக்கிறது? தமிழ் இணைய நூலகத்தில், ஆர்கைவ் தளத்தில், ஈழத்து நூல்கள் என்றால் நூலகம் தளத்தில். அநேகமாக எல்லாமே பக்கத்தைப் படம் பிடித்து வைத்த பி.டி.எப். அதை 7 அங்குலத்தில் திறந்தால் பக்கம் முழுவதும் எறும்பு எழுத்தாகத் தெரியும். பெரிதாக்கினால் வரி பாதியில் வெட்டுப்படும். ஒவ்வொரு வரிக்கும் இடம் வலம் நகர்த்த வேண்டும். மின்மைத் திரையோ ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு கணம் தயங்கும். இரண்டு பக்கம் படிப்பதற்குள் அப்பா கருவியை மேசையில் வைத்துவிடுவார்.

10 அல்லது 11 அங்குல டேப்லெட்டில் அதே பக்கம் அச்சு நூலை விடப் பெரிதாக நிற்கும். ஆயிரம் வெள்ளிக்குள் நல்ல ஆண்ட்ராய்டு டேப்லெட் கிடைக்கிறது. முக்கியமாக, கிண்டில் செயலி டேப்லெட்டிலும் ஓடும். அமேசான் தமிழ் நூல்களை அதிலும் வாசிக்கலாம். ஆகவே அந்தப் பக்கம் கிடைக்கிற எந்த நூலும் இந்தப் பக்கம் இல்லாமல் போகாது.

தமிழ்ப்பள்ளி டீச்சர், கோலாலம்பூர்

செல்வன் தம்பி, ரவி கேட்டதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். அப்பா எந்தெந்தக் கோப்புகளை வைத்திருக்கிறார்?

ஒரு சின்ன விஷயம். வருமான வரியில் வாழ்க்கைமுறைச் செலவுக்கு 2,500 வெள்ளி வரை கழிவு உண்டு. அதில் புத்தகம், கணினி, கைப்பேசி, டேப்லெட் என்று பெயர் சொல்லியே இருக்கிறது. மின்னூல் கருவி என்று தனியாகப் பெயர் இல்லை.

செந்தூல் செல்வன்

அப்பாவிடம் போனில் கேட்டேன் டீச்சர். பென்டிரைவில் ஒரு கூடை கோப்பு இருக்கிறதாம், நண்பர்கள் கொடுத்தவை. தேவார உரை, சித்த மருத்துவ நூல்கள், பழைய மாத இதழ்களின் தொகுப்பு. சிலவற்றை அவரே மதுரைத் திட்டத்திலிருந்து இறக்கியிருக்கிறார். வரலாற்று நாவல்களும் உண்டு. படமா எழுத்தா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்றிரண்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். தேவார உரை படம்தான், பக்க ஓரம் பழுப்பேறி இருக்கிறது. நாவல் எழுத்தாக இருக்கிறது.

கயல் (பிரிக்பீல்ட்ஸ்)

அப்படியானால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்து வருகிற களஞ்சியம். எழுத்தாகவே இருக்கிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இபப் என்கிற மின்னூல் வடிவக் கோப்போடு, 6 அங்குலத் திரைக்கென்றே வடிவமைத்த பி.டி.எப்.பும் தருகிறார்கள். நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் பல இந்த இரண்டு இடங்களிலும் இலவசம். ஒருவர் வாழ்நாளெல்லாம் படிக்க இது போதும்.

படமாக இருப்பதையும் எழுத்துணரி மென்பொருளில் போட்டு எழுத்தாக்கலாம். டெஸராக்ட் என்கிற எழுத்துணரி தமிழுக்கும் வேலை செய்கிறது. கூகுள் டிரைவில் ஏற்றினாலும் மாற்றித் தரும். செல்வன் அண்ணே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

பாயான் லெப்பாஸ் ரவி

முடியாது கயல். தேவார உரையில் அதைச் செய்து பாருங்கள், தெரியும்.

பழைய அச்சில் ணை, லை, றா எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும். லையில் கொம்பு துதிக்கை மாதிரி எழுத்தின் தலைக்கு மேலே வளைந்து நிற்கும். தமிழ்நாட்டில் 1978-இல் சீர்திருத்த ஆணை வந்த பிறகுதான் இன்றைய வடிவம் பரவியது. எழுத்துணரி இந்தப் பழைய வடிவத்தில் தடுமாறுகிறது. அதோடு புள்ளி. பழுப்பேறிய தாளில் மெய்யெழுத்தின் புள்ளியும் தாளில் இருக்கிற கறையும் ஒரே அளவு. மென்பொருள் கறையைப் புள்ளி என்று எடுத்துக்கொள்ளும், உண்மையான புள்ளியை விட்டுவிடும். நாவலில் ஒரு புள்ளி போனால் வாசகர் ஊகித்துக்கொள்வார். பதிகத்தில் ஒரு புள்ளி போனால் சீர் கெட்டது, பொருளும் கெட்டது. சித்த மருத்துவ நூலில் அளவு ஒன்று மாறினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அந்த மாதிரி நூலைப் படமாகவே வாசிக்க வேண்டும். படத்துக்குப் பெரிய திரை வேண்டும். இவ்வளவுதான் என் வாதம்.

எழுத்தாக இருந்தும் பயன்படாத கோப்புகளும் இருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். யூனிகோடு என்கிற பொதுக் குறியாக்கம் வருமுன் திஸ்கி, பாமினி என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் தட்டச்சு செய்தோம். அந்தக் கால பி.டி.எப். திறந்தால் அழகாகத் தெரியும். இபப் ஆக மாற்றினால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்து கொட்டும்.

கயல் (பிரிக்பீல்ட்ஸ்)

புள்ளி விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான், உரை நூலை எழுத்துணரியிடம் விட முடியாது. ஆனால் ஒரு தேவார உரைக்காக ஒரு மனிதரின் முழு வாசிப்பையும் ஒளிவீசும் திரைக்கு மாற்றச் சொல்கிறீர்கள். அவர் நாளில் அதிகம் படிப்பது எது? நாவலாக இருந்தால் மணிக்கணக்கு அங்கேதான் போகிறது, கண் எரிச்சலும் அங்கேதான் வருகிறது.

தூக்கத்தையும் யோசியுங்கள். ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் செய்து 2014 டிசம்பரில் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. படுக்குமுன் ஐபேடில் படித்தவர்களுக்கு, அச்சு நூல் படித்தபோது ஆனதைவிடத் தூக்கம் வர ஏறக்குறைய 10 நிமிடம் கூடுதலாக ஆனது. தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பும் குறைந்தது. வயதானவர்களுக்குத் தூக்கம் ஏற்கெனவே குறைவு.

பாயான் லெப்பாஸ் ரவி

அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 12 பேர், எல்லோரும் இளைஞர்கள். மங்கலான அறையில், ஐபேடின் வெளிச்சத்தை முழுதாக வைத்து, படுக்குமுன் 4 மணி நேரம் படிக்க வைத்தார்கள். வீட்டில் யார் அப்படிப் படிக்கிறார்கள்? வெளிச்சத்தைக் குறைத்து, பின்னணியை மஞ்சளாக்கினால் நிலைமை வேறு. கைப்பேசியில் கண் எரிவதற்கும் வெளிச்சம் மட்டுமே காரணம் இல்லை. சின்னத் திரையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, இமை கொட்டாமல் பார்க்கிறோம். பெரிய திரையைத் தள்ளி வைத்துப் படித்தால் அதில் பாதி குறையும்.

கயல் (பிரிக்பீல்ட்ஸ்)

பாதி குறையலாம். மீதிப் பாதி? வாசல் திண்ணையில் பகல் வெயிலில் டேப்லெட்டைத் திறந்து பாருங்கள், நம் முகம்தான் தெரியும். மின்மைத் திரை வெயிலில்தான் இன்னும் தெளிவாக இருக்கும். பினாங்குக்காரர்கள் காலையில் எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

தமிழ்ப்பள்ளி டீச்சர், கோலாலம்பூர்

இருவரும் திரையையே பார்க்கிறீர்கள், நான் பழுதைப் பற்றிக் கேட்கிறேன். அமேசானுக்கு மலேசியாவில் கடை இல்லை. கிண்டில் இங்கே பெரும்பாலும் இணைய வியாபாரிகள் இறக்கி விற்பதுதான். அமெரிக்காவில் 160 டாலர் என்றால் நம் கைக்கு வரும்போது விலை வேறு. எங்கள் வீட்டில் ஒன்று திரை பழுதானது. விற்ற கடைக்காரர் பொறுப்பேற்கவில்லை. டேப்லெட் என்றால் பினாங்கிலேயே பழுது பார்க்க ஆள் இருக்கிறார்கள்.

காசு கொடுத்து வாங்கிய நூல் நம்முடையதாக இருக்குமா என்பதும் பெரிய கேள்வி. 2009-இல் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை வாசகர்களின் கிண்டிலிலிருந்து அமேசான் கேட்காமலே நீக்கியது. 2025 பிப்ரவரி 26-லிருந்து, வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யு.எஸ்.பி. வழியாக ஏற்றும் வசதியையும் நிறுத்திவிட்டார்கள். அப்பா சேர்க்கிற நூல் நாளைக்குப் பேரப்பிள்ளைகளுக்குப் போக வேண்டும் இல்லையா? அதற்குப் பென்டிரைவில் இருக்கிற இபப், பி.டி.எப். கோப்புகள்தான் நம்பகமானவை.

கூலிம் மணியம்

டீச்சர், முன்பு சொன்ன அந்த வரிக் கழிவு தனக்கு, கணவன் மனைவிக்கு, பிள்ளைக்கு வாங்கினால்தான். அப்பாவுக்கு வாங்கினால் கேட்க முடியாது. செல்வன் அதை நம்பிக் கணக்குப் போட்டுவிட வேண்டாம்.

எனக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பெரிய டேப்லெட் வைத்திருக்கிறேன். கையில் பிடிப்பதே இல்லை, மேசையில் தாங்கி வைத்துத்தான் படிக்கிறேன். அதில் கனம் தெரியாது. இன்னொன்றையும் சொல்கிறேன். பழைய இதழ்களில் விளம்பரமும் ஓவியமும் பார்ப்பது ஒரு தனிச் சுகம். வண்ண மின்மைத் திரை கிண்டிலிலும் வந்திருக்கிறது, ஆனால் வண்ணத்துக்கு அங்குலத்துக்கு 150 புள்ளிதான், கறுப்பு வெள்ளைக்கு 300. ஓவியம் வெளிறிப் போய்த் தெரிகிறது.

கயல் (பிரிக்பீல்ட்ஸ்)

மணியம் ஐயா, மேசையில் வைத்துப் படிப்பது உங்களுக்குச் சரிப்படுகிறது, சந்தோஷம். ஆனால் டேப்லெட்டில் படிக்கும்போது வாட்ஸ்அப் எத்தனை தடவை குறுக்கே வருகிறது? ஒரு அத்தியாயத்தின் நடுவே குடும்பக் குழுவில் காலை வணக்கம் படம் வந்து விழும். அதைத் திறப்போம், அங்கிருந்து காணொளி, அப்புறம் நாவல் எங்கே நின்றது என்றே மறந்துவிடும். மின்னூல் கருவியில் படிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அதைக் குறை என்கிறார்கள், எனக்கு அதுதான் பெரிய வரம். செல்வன் அண்ணே, அப்பா இழந்திருப்பது நாள் முழுக்க ஒரே நூலோடு உட்காரும் அந்தச் சுகத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கூலிம் மணியம்

அறிவிப்பை அணைத்து வைக்க முடியும் அம்மா. தனியாக இருக்கிற என் மாதிரி ஆளுக்குப் பேரன் வீடியோவில் கூப்பிடுவதும் வேண்டியிருக்கிறது.

செந்தூல் செல்வன்

அப்பா தனியாகத்தான் இருக்கிறார், அதனால் மணியம் ஐயா சொன்னது மனதில் தைத்தது. கயல் சொன்னதும் தைத்தது. 10 அங்குல மின்மைக் கருவி ஒன்றை வாங்கினால் இரண்டும் தீருமா?

பாயான் லெப்பாஸ் ரவி

10.3 அங்குலத்தில் ஆண்ட்ராய்டு ஓடுகிற மின்மைக் கருவிகள் இருக்கின்றன, பி.டி.எப்.புக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் ஆயிரம் வெள்ளிக்குள் புதிது கிடைக்காது. வீடியோ அழைப்புக்கும் ஆகாது. உங்கள் தொகைக்கு என் பதில் மாறவில்லை: 11 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட், ஒரு தாங்கி, மஞ்சள் வெளிச்சம்.

கயல் (பிரிக்பீல்ட்ஸ்)

என் பதிலும் மாறவில்லை. தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்கு வருகிறேன் அண்ணே. போகிற வழியில் என் கருவியை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போகிறேன், ஒரு வாரம் வைத்திருக்கட்டும். அவருடைய நாவல்களை நானே ஏற்றித் தருகிறேன்.

பாயான் லெப்பாஸ் ரவி

நல்ல யோசனை. அந்தத் தேவார உரையையும் சேர்த்து ஏற்றுங்கள் கயல். செல்வன், அந்த வாரம் என் டேப்லெட்டையும் கொண்டுவந்து கொடுக்கிறேன், பாயான் லெப்பாஸிலிருந்து பாலம் ஏறினால் பட்டர்வொர்த் ரொம்பத் தூரம் இல்லை. முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.