வார்டில் எல்லாருக்கும் பான்டோப்ரசோல் தேவையா?

கேள்வி – செவிலியர், செங்கோட்டை:
எங்கள் பொது வார்டில் காய்ச்சலுக்குச் சேர்ந்தவருக்கும் கால் முறிவுக்குச் சேர்ந்தவருக்கும் காலையில், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் 40 மில்லிகிராம் ஊசி போடப்படுகிறது. வீடு திரும்பும்போது அதுவே மாத்திரையாகச் சீட்டில் ஏறிவிடுவதால், தென்மலை, புனலூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள்கூட மாதக்கணக்கில் அதை விழுங்குகிறார்கள். இதை எப்படிக் குறைப்பது?

பதில் – மருத்துவர், பாலக்காடு:
சகோதரி, செயற்கைச் சுவாசக் கருவியில் 48 மணி நேரத்துக்கு மேல் இருப்பவருக்கும், இரத்தம் உறையும் தன்மை குறைந்த தீவிர நோயாளிக்கும் இரைப்பையில் இரத்தக் கசிவைத் தடுக்க இம்மருந்து தேவை. பொது வார்டில் பெரும்பாலோருக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. கிருமிகளைக் கொல்லும் அமிலத்தைக் காரணமின்றி அடக்கினால், குறிப்பாக ஆன்டிபயாடிக்கும் சேரும்போது, குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியாவால் வரும் வயிற்றுப்போக்குக்கு வாய்ப்பு கூடுகிறது. நெடுநாள் தொடர்ந்தால் மக்னீசியமும் பி12 வைட்டமினும் குறையலாம். இட்லி சாப்பிடுகிறவருக்கு ஊசி எதற்கு என்று ரவுண்ட்ஸில் தயங்காமல் கேளுங்கள்.

பதில் – மருந்தாளுநர், கம்பம்:
ஐயா சொல்வது சரியே. ஆனால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து உண்ணும் முதியவர்களுக்கும், முன்பு இரைப்பைப் புண்ணில் இரத்தம் கசிந்தவர்களுக்கும் இதை நிறுத்திவிடக் கூடாது. மற்றவர்களிலும் நெடுநாள் உண்டவர் சட்டென்று நிறுத்தினால், அமிலம் முன்னிலும் அதிகமாகச் சுரந்து நெஞ்செரிச்சல் வருகிறது. நோய் திரும்பிவிட்டதாக எண்ணி அவரே கடையில் வாங்கிக்கொள்கிறார். மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லுங்கள். சீட்டில் காரணத்தையும் நிறுத்த வேண்டிய தேதியையும் எழுதினால், கடையில் நாங்களும் எடுத்துச் சொல்ல முடியும்.

கேட்டவர்:
நன்றி. தேதி எழுதுவதைப் பற்றி எங்கள் தலைமைச் செவிலியரிடம் நாளையே பேசுகிறேன்.