வினிகர் நெடி அடிக்கும் பழைய 8 எம்எம் சினிமா ஃபிலிம் சுருள்கள்: உங்கள் வீட்டில் எப்படி?

கானாடுகாத்தானிலிருந்து:
மலாயாவிலிருந்த ஐயா 1960களில் எடுத்த சுருள்கள். மணிவிழா, முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, பிள்ளையார் நோன்பு எல்லாம் உண்டு. மச்சில் தகரப்பெட்டிக்குள் கிடந்தன. சித்திரையில் மச்சு கொதிக்கிற கொதிப்பை நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மூடியைத் திறந்தால் குப்பென்று வினிகர் நெடி.

அந்தக் காலத்து வீட்டுச் சுருள் பெரும்பாலும் அசிட்டேட் என்னும் பிளாஸ்டிக். சூடும் ஈரமும் பட்டால் அசிட்டிக் அமிலம் கசியும்; வினிகர் நெடி அதனுடையதுதான். கசிந்த அமிலமே சிதைவை இன்னும் முடுக்கிவிடும். காற்றுப் புகாமல் மூடிய டப்பாவில் ஆவி உள்ளேயே தங்கிவிடுகிறது. அப்பத்தா போட்ட பாச்சை உருண்டை வேறு! நெடியை மறைத்ததுதான் மிச்சம்.

நெடியடித்தவற்றைத் தனியே பிரித்தேன். எல்லாவற்றையும் துருத்தகரத்திலிருந்து காற்றுத்துளையுள்ள பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, கீழே இரண்டாங்கட்டு உள்ளறையில் வைத்திருக்கிறேன். சுண்ணாம்புச் சுவர், வெயில் எட்டாது.

தேவகோட்டையிலிருந்து:
அண்ணே, சுவரோட குளுமையை மட்டும் நம்பாதீங்க. ஐப்பசி அடைமழையில அதே அறை ஈரம் கோத்துக்கும், பூஞ்சை பிடிக்கும். ஈரமானி ஒண்ணு வாங்கி வைங்க. காத்தோட ஈரப்பதம் 30லேர்ந்து 50 சதவீதத்துக்குள்ள நிக்கணும்.

நாங்க ஜிப் பையில இரட்டையாப் போட்டு ஃப்ரீசர்லயே வச்சுட்டோம். பையும் மூடினதுதானேன்னு கேப்பீங்க. அந்தக் குளிர்ல சிதைவு அவ்வளவு மெதுவாயிடும். ஆனா காத்து காஞ்சிருக்கிற கோடையில பை கட்டுங்க. மழைநாள்ல கட்டினா ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிருவீங்க. வெளிய எடுத்ததும் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வர்ற வரைக்கும், ஒரு நாள் முழுக்க, பையோட விடுங்க. இல்லேன்னா சுருள் வியர்த்துப்போகும்.

காரைக்குடியிலிருந்து:
உங்க சுருள் கோடாக் கம்பெனியோட கோடாக்குரோம் கலர் ஃபிலிமா இருந்தா நீங்க கொடுத்து வச்சவங்க. இருட்டுல வச்சிருந்தா நிறம் லேசுல மங்காது. எங்க அப்பச்சி எடுத்ததுல ஆத்தங்குடிக் கல்லோட சிவப்பு இன்னும் அப்படியே இருக்கு. ஒண்ணு மட்டும்: சுருங்கின சுருளைப் பழைய புரொஜெக்டர்ல ஓட்டிப் பாக்காதீங்க, பல்சக்கரம் ஓரத்து ஓட்டையைக் கிழிச்சிரும்.

சிங்கப்பூர்ல இருக்கிற மகன் ஸ்கேன் பண்ணியாச்சே, சுருளெல்லாம் எதுக்கு ஆத்தான்னான். நான் கொடுக்கலை. அடுத்த வருசமே அவன் ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு. மறுபடி ஸ்கேன் பண்ண என்கிட்டதான் வந்தான். இப்ப ரெண்டு டிஸ்க், ஒண்ணு அங்க, ஒண்ணு இங்க. சுருள் என்கிட்டதான்.