கடை வாசலில் சாய்தளம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மா சக்கர நாற்காலிக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. கும்பகோணத்தில் எங்கள் தெருவில் இருக்கும் காய்கறிக்கடை, மளிகை, மருந்துக்கடை எதற்குள்ளும் அவரால் போக முடியவில்லை. நான் வாங்கி வரும்வரை வாசலிலேயே காத்திருப்பார். "கத்திரிக்காயை நானே பார்த்துப் பொறுக்கணும்டா" என்று போன வாரம் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை.

நாற்காலி ஏற வாசலில் சாய்தளம் (சரிவான பாதை) போடலாமா என்று மூன்று கடைக்காரர்களிடமும் பேசினேன். இருவர் உடனே சரி என்றார்கள். சிக்கல் இடம்தான். 1 அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் வேண்டும். இங்கே படி 8 அங்குலம், அதாவது 8 அடிச் சாய்தளம். அது சாக்கடை மூடியைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிடும். குறுக்கிச் செங்குத்தாகப் போட்டால் நாற்காலி பின்பக்கம் கவிழும். அதற்குப் போடாமலே இருக்கலாம்.

சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டியவர்கள் இருக்கிறீர்களா? தேவைப்படும்போது மட்டும் போட்டு எடுக்கிற தகட்டை வெல்டிங் பட்டறையில் செய்ய எவ்வளவு ஆனது? மழையில் வழுக்காமல் இருக்க என்ன செய்தீர்கள்? படம் இருந்தால் கட்டாயம் போடுங்கள்.

அப்புறம், மூன்றாவது கடைக்காரர் பிடிகொடுக்கவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தைக் காட்டிச் சண்டை போட எனக்கு விருப்பமில்லை, முப்பது வருடப் பழக்கம். அவரிடம் எப்படிப் பேசலாம்?

வாசல் அளவுகள் வேண்டுமென்றால் நாளைக்கே எடுத்துப் போடுகிறேன்.