ஜெர்மனியில் முதல் மாதச் செலவு: கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

அக்டோபரில் ஒரு செமஸ்டர் மட்டும் படிக்க லைப்சிக் செல்கிறேன். விசாவுக்கான முடக்கக் கணக்கில் (blocked account, மாதம் ஒரு குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடியும்) மாதம் 992 யூரோ வீதம் ஆறு மாதத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். மற்ற மாதங்களின் கணக்கு ஒத்துவருகிறது. முதல் மாதம்தான் உதைக்கிறது. அங்கே போய் வங்கிக் கணக்குத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பணம் கைக்கு வரும். வீட்டுக்காரரோ சாவி கொடுக்கும் முன்பே வாடகை 360 யூரோவையும் முன்பணம் 720 யூரோவையும் கேட்கிறார்.

முன்பணத்தை மூன்று மாதத் தவணையாகக் கட்ட அந்நாட்டுச் சட்டமே இடம் தருகிறது. அதைச் சொல்லிப் பணிவாக மின்னஞ்சல் அனுப்பினேன். முழுத் தொகை இல்லையென்றால் அறையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாக ஒரே வரியில் பதில் வந்தது. மாணவர் விடுதியில் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறேன். கல்விக் கடன் கொடுத்த வங்கியும் முன்கூட்டித் தர மறுத்துவிட்டது. வீட்டாரை மேலும் கடன் வாங்க வைக்க மனம் வரவில்லை.

மருத்துவக் காப்பீடு மாதம் 140 யூரோவுக்கு மேல். வானொலி, தொலைக்காட்சிக்காக ஒவ்வொரு வீடும் கட்ட வேண்டிய ஒளிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ, வீட்டுக்கு ஒன்றுதான் என்பதால் உடன் தங்குபவர்களோடு பங்கிடலாம், அது ஓர் ஆறுதல். அங்கே பேருந்து, ரயிலில் செல்வதற்கான பயணச்சீட்டு செமஸ்டர் கட்டணத்திலேயே அடக்கம். குளிர்கால உடை, போர்வை, பாத்திரம் என்று எழுதிய வரிக்கு எதிரே மட்டும் தொகை இன்னும் காலியாகவே கிடக்கிறது.

அண்மையில் அங்கே சென்றவர்கள் சொல்லுங்கள்: வாடகையும் முன்பணமும் போக, முடக்கக் கணக்குப் பணம் வரும்வரை கையில் எத்தனை யூரோ இருந்தால் சமாளிக்கலாம்?