கேட்டியில் புது வீடு: மட் வரி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் நாலு லட்சம் டாலருக்கு ஒரு புது வீடு பார்த்திருக்கிறோம். வீடு பிடித்துவிட்டது, வரிதான் இடிக்கிறது. மட் (MUD, குடிநீர், கழிவுநீர் வசதி செய்து தரும் உள்ளாட்சி அமைப்பு) வரி மட்டும் 100 டாலர் மதிப்புக்கு 1.20 டாலர். வருடத்துக்கு 4,800 டாலர்! கவுண்டி, பள்ளி வரியெல்லாம் தனி. எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) கட்டணம் வேறு தலைவலி.

குடிநீர், கழிவுநீர், வடிகால் வசதிக்குக் கடன்பத்திரம் விட்டு, அந்தக் கடனை நம்மிடம் வசூலிக்கிறார்கள். அது வரை புரிகிறது. மாதாமாதம் வரும் தண்ணீர் பில் இதில் சேராதாம். விற்பவரோ, "போகப் போகக் குறைந்துவிடும்" என்கிறார். ஆனால் கையெழுத்துக்குத் தந்த அறிவிப்புத் தாளில் வாக்காளர்கள் ஒப்புதல் தந்த கடன் ஒரு தொகை, இதுவரை வெளியிட்டது அதைவிடச் சின்னத் தொகை. மீதியையும் வாங்கினால் வரி எப்படி இறங்கும்?

அங்கே நாலைந்து வருடமாக இருப்பவர்களே, உங்கள் விகிதம் உண்மையிலேயே குறைந்ததா? முதல் வருடம் மனைக்கு மட்டும் வரி போட்டு, அடுத்த வருடம் வீட்டையும் சேர்க்கும்போது எஸ்க்ரோ (வரிக்காக வீட்டுக் கடன் தவணையோடு மாதாமாதம் பிடிக்கும் பணம்) எகிறுமாமே, அதற்கு எவ்வளவு எடுத்து வைத்தீர்கள்? மட் இல்லாத பழைய வீடே தேவலையா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.