புதுப்பிப்பு: 2 ஜிபி ராம் லப்டொப்புக்கு எந்த ஓஎஸ்?

தங்கச்சியின்ர பழைய லப்டொப்புக்கு 32 பிட் விண்டோஸ் 10 போடவா, லினக்ஸ் போடவா எண்டு கேட்டிருந்தன். கடைசியா லினக்ஸ் மின்ட் (லினக்ஸில ஒரு வகை), அதில பழைய மெசினுக்கும் பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு போட்டாச்சு.

விண்டோஸ் 10இன்ர வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது. 11க்கு ஆகக் குறைஞ்சது 4 ஜிபி வேணும், 32 பிட் பதிப்பே இல்லை. 32 பிட் ஓஎஸ் போட்டா ராம் மிச்சம் எண்டு முந்தின பதிவில ஒரு அண்ணா சொன்னது சரிதான். ஆனா மின்ட் 20ஓட 32 பிட் பதிப்பை விட்டிட்டாங்கள். நல்லகாலம், எங்கட புரொசசர் 64 பிட்.

ஓஎஸ் லேசா ஓடுது. ராமைத் தின்னுறது பிரவுசர்தான். நாலஞ்சு டாப் திறந்தாலே இழுக்குது, சூம் வகுப்பு நேரம் மற்றதெல்லாம் மூடவேண்டிக் கிடக்கு.

திருகோணமலை டவுனுக்குள்ள பழைய டிடிஆர்3 லப்டொப் ராம் ஆரிட்டயும் இருந்தா சொல்லுங்கோ.