சைபார்க் கொள்ளையனின் இயந்திரக் கை: மின்சாரச் சிக்கலுக்கு உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பதுங்கியிருக்கும் சைபார்க் (பாதி மனிதன், பாதி இயந்திரம்) கொள்ளையனைப் பற்றிய குறும்படத்துக்கு, விரல்கள் மடங்கும் இயந்திரக் கை ஒன்று செய்கிறோம். மேலுறை 5 மி.மீ. ஈவிஏ ஃபோம், அதில் குறையில்லை.

சிக்கல் மின்சாரத்தில்தான். விரலுக்கு ஒன்றாக ஐந்து எம்ஜி996ஆர் சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சிறு மோட்டார்). இரண்டு 18650 லித்தியம் செல்கள் தொடர் இணைப்பில், மின்னழுத்தத்தை 6 வோல்ட்டுக்குக் குறைக்க எல்எம்2596 பலகை. விரல்கள் தனித்தனியே மடங்கினால் சரி. முஷ்டி பிடித்தால், சர்வோக்களை இயக்கும் சிறு கணினிப் பலகையான ஆர்டுயினோ ரீசெட் ஆகிறது. மேலும் திரும்ப முடியாமல் முட்டி நிற்கும் சர்வோ ஒவ்வொன்றும் 2.5 ஆம்பியர் வரை இழுக்கும், எல்எம்2596 பலகையோ அதிகபட்சம் 3 ஆம்பியர்தான் தரும். 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் நொடிநேரச் சரிவுக்கு மட்டுமே உதவும். கொள்ளையன் பெட்டியை இறுகப் பிடித்து நிற்பதுதான் முக்கியக் காட்சி என்பதால், விரல்களை இடைவெளி விட்டு மடக்குவதும் தீர்வாகாது.

15 ஆம்பியர் தரும் பக் கன்வர்ட்டரும் (மின்னழுத்தத்தைக் குறைக்கும் பலகை), அந்த மின்னோட்டத்தைத் தாங்கும் புதிய செல்களும் (பழைய லேப்டாப் செல்கள் வேண்டாம், சூடேறிவிடும்) சேலத்தில் நேரில் பார்த்து வாங்க எந்தக் கடை நல்லது?

இன்னொன்று: பகோடா பாயின்ட் பக்கம் விடியற்காலை மூடுபனியில் படப்பிடிப்பு. ஈரம் படாமலிருக்க மின்சுற்றுப் பலகைகளுக்கு அக்ரிலிக் கோட்டிங் ஸ்ப்ரே அடித்தால் போதுமா, சர்வோவின் வயர் வெளிவரும் இடத்தையும் சிலிகான் வைத்து அடைக்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.